பிள்ளை பெத்தவளுக்கு என்ன கொண்டு போறது?

ஜூன் 4, மாலை 6.20 (கேள்வி)

என் தங்கச்சிக்குக் குழந்தை பிறந்து இன்னியோட 9 நாள். ஆபரேஷன். வர்ற ஞாயித்துக்கிழமை பார்க்கப் போறேன். குழந்தைக்குச் சட்டை, பொம்மைன்னு வீடு நிறைஞ்சு கிடக்காம். அவளுக்குன்னு யாரும் ஒண்ணும் கொண்டு வரலைன்னு போன்ல பேசினப்போ தெரிஞ்சுது. நான் அவளுக்குத்தான் ஏதாவது கொண்டு போகணும். பூங்கொத்து, நல்ல சென்ட், ஒரு டிரெஸ்னு மூணு யோசிச்சு வச்சிருக்கேன். பெத்தவங்க யாராவது சொல்லுங்க, எதை வாங்கட்டும்?

ஜூன் 4, இரவு 9.40

மூணும் வேண்டாம் தம்பி.

பிறந்த குழந்தைக்குத் தூரத்துல இருக்கிறது சரியாத் தெரியாது. அம்மாவை அது வாசனையையும் குரலையும் வச்சுத்தான் அடையாளம் கண்டுக்குது. அந்த வாசனை மேல சென்ட் அடிக்கக் கூடாது. பூங்கொத்து வந்தா அதுக்கு ஒரு பாத்திரம் தேடணும், தண்ணி மாத்தணும், நாலாம் நாள் வாடினதை எடுத்துப் போடணும். யார் செய்வா?

டிரெஸ்தான் மூணுலயும் வலிக்கிறது. பிரசவம் முடிஞ்ச அன்னிக்குக் கர்ப்பப்பை மட்டும் சுமார் 1 கிலோ இருக்கும். அது சுருங்கி 100 கிராமுக்குள்ள வர 6 வாரம் ஆகும். அதுவரைக்கும் வயிறு தள்ளித்தான் தெரியும். எனக்கு மூத்தவன் பிறந்தப்போ சொந்தத்துல ஒருத்தங்க கல்யாணத்துக்கு முந்தின என் சைஸ்ல ஒரு டிரெஸ் கொண்டு வந்தாங்க. "சீக்கிரம் இதுக்குள்ள வந்துருவ"ன்னு பாசமாத்தான் சொன்னாங்க. அலமாரியைத் திறக்கிறப்பல்லாம் அது என்னைப் பார்த்துக்கிட்டே தொங்கும். ரெண்டு வருஷம் கழிச்சு விலைச்சீட்டோட இன்னொருத்திக்குக் கொடுத்தேன்.

அப்ப என்ன வாங்கறதுன்னா, ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோங்க. உங்க தங்கச்சிக்கு இப்ப ஒரு கைதான் இருக்கு. இன்னொரு கையில குழந்தை.

என் 11ஆம் நாள் மத்தியானம். பால் குடிச்சுட்டு இடது கையிலயே தூங்கிட்டான். அசைஞ்சா முழிச்சுக்குவான். பால் இறங்குற நேரத்துல தாகம் எப்படி வரும்னு பால் கொடுத்தவங்களுக்குத் தெரியும், நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும். தண்ணிச் சொம்பு ஜன்னலோர மேஜை மேல இருந்துச்சு. நாலடி தூரம். வீட்ல எல்லாரும் சாப்பிட்டுக் கண் அசந்த நேரம். கூப்பிட்டாலும் இவன் முழிச்சுருவான். முக்கால் மணி நேரம் அந்தச் சொம்பையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன். சொம்போட வெளிப்பக்கம் வேர்த்து ஒரு சொட்டு இறங்கி மேஜையில வட்டமா நின்னது வரைக்கும் இன்னும் கண்ணுக்குள்ள இருக்கு.

அப்பத்தான் என் சிநேகிதி வந்தா. ஒரு வார்த்தை பேசல. மேஜையை அப்படியே நகர்த்தி என் வலது கைப்பக்கம் போட்டா. அவ பையில இருந்த ஸ்ட்ரா பாட்டில்ல தண்ணி ஊத்தி என் வாய்க்கிட்ட பிடிச்சா. எனக்கு வந்த பரிசுல இன்னிக்கு வரைக்கும் அதுக்கு ஈடு எதுவும் இல்ல.

ஒரு லிட்டர் பிடிக்கிற, ஒத்தைக் கையால திறக்கிற, ஸ்ட்ரா வச்ச பாட்டில். அதை வாங்குங்க.

ஜூன் 4, இரவு 10.15

ஒண்ணு விட்டுட்டேன். ஆபரேஷன் ஆனவ கொஞ்ச வாரத்துக்குக் குழந்தையை விடக் கனமான எதையும் தூக்கக் கூடாதுன்னுதான் பொதுவா டாக்டருங்க சொல்வாங்க. அதனால டேப் ஒட்டின பெரிய பெட்டியா கொண்டு போய் வச்சுட்டு வந்துராதீங்க. பாட்டிலை வீட்லயே பிரிச்சு, கழுவி, தண்ணி ரொப்பி எடுத்துட்டுப் போங்க.

ஜூன் 5, காலை 6.10

"வெறும் தண்ணி பாட்டிலா, கொடுக்கவே ஒரு மாதிரி இருக்கே"ன்னு தம்பி எழுதியிருக்கார். கணக்குப் போட்டுப் பாருங்க. பிறந்த குழந்தை 24 மணி நேரத்துக்கு 8 தடவையிலிருந்து 12 தடவை பால் குடிக்கும். ஒரு தடவைக்கு அரை மணின்னு வச்சாலே 4 மணியிலிருந்து 6 மணி நேரம். அவ்வளவு நேரமும் அவ ஒரே இடத்துல உட்கார்ந்திருக்கா, ராத்திரியும் சேர்த்து. அந்த நாற்காலியைச் சுத்திக் கை எட்டுற தூரம்தான் இப்ப அவ வீடு.

அதனால ஒரு சின்னக் கூடை. பாட்டிலோட கூட ஒரு நீளமான சார்ஜர் வயர், முடியைத் தூக்கிக் கட்ட ரெண்டு பேண்ட், பால் ஒழுகினா துடைக்க மெத்துனு நாலு பருத்தித் துண்டு, பொடி உதிராம ஒத்தைக் கையால எடுத்து வாயில போட்டுக்கிற மாதிரி ஏதாவது சாப்பிட. ஒரு குட்டி விளக்கும் வைங்க, மங்கலா மஞ்சளா எரியறது. நடுராத்திரி 2 மணிக்குக் குழல் விளக்கைப் போட்டா குழந்தை முழிச்சுரும், அம்மாவுக்கும் அதுக்கப்புறம் தூக்கம் பிடிக்காது. முலைக்காம்புல தடவ லேனோலின் களிம்பும் ஒண்ணு.

என் மூத்தவனுக்கு இப்ப ஸ்கூல் நேரம். மீதி அப்புறம்.

ஜூன் 5, மதியம் 1.30

காலைல களிம்புன்னு ஒரே வரியில எழுதிட்டுப் போயிட்டேன். சமைச்சுக்கிட்டே யோசிச்சேன், மனசு ஒப்பல.

களிம்பு தப்பில்ல. கம்பளி ரோமத்துலருந்து எடுக்கிறது அது, கம்பளி ஒத்துக்காதவங்க மட்டும் பார்த்துக்கணும். ஆனா காம்பு வெடிச்சிருக்குன்னா முக்காவாசி நேரம் காரணம் குழந்தை சரியாப் பிடிக்காததுதான். நான் 12 நாள் களிம்பு தடவிக்கிட்டே பல்லைக் கடிச்சுட்டு இருந்தேன். ஒவ்வொரு தடவை அவன் வாய் வைக்கிறப்பவும் கால் கட்டைவிரல் மடங்கும். கடைசில வயசான நர்ஸம்மா ஒருத்தங்க வந்து பார்த்தாங்க. "காம்பை மட்டும் கொடுக்கற பாரு, அதான்"னாங்க. வாயை நல்லாப் பெருசாத் திறக்கிற வரைக்கும் காத்திருந்து, காம்பைச் சுத்தின கருவளையமும் சேர்ந்து உள்ள போற மாதிரி, அவன் மோவாய் மார்ல பதியுற மாதிரி ஒரே தடவை சேர்த்து அணைச்சாங்க. ரெண்டு நிமிஷ வேலை. அன்னிக்குத்தான் வலியில்லாமப் பால் கொடுத்தேன்.

அதனால தங்கச்சிக்கு வலி இருக்கான்னு முதல்ல கேளுங்க. இருந்தா தாய்ப்பால் ஆலோசகர் ஒருத்தரை வீட்டுக்கு வரவழைக்கிற செலவை நீங்க ஏத்துக்கோங்க. கூடையை விட அது பெரிய பரிசு.

ஜூன் 5, மதியம் 1.45

ப்ரெஸ்ட் பம்ப் வாங்கலாமான்னு கேட்டவங்களுக்கு: அவளைக் கேட்காம வாங்காதீங்க. அதுல வைக்கிற புனல் அவங்கவங்க அளவுக்குப் பொருந்தணும். இன்னொருத்தர் போட்டுப் பழகினதை வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். சிலதுல பால் உள்ளே மோட்டார் வரைக்கும் போகும், கழுவவே முடியாது.

ஜூன் 6, இரவு 8.50

பால் பவுடர் டின்னும் ஃபீடிங் பாட்டில் செட்டும் கொடுக்கலாமான்னு ஒரு கேள்வி வந்திருக்கு.

1981ல உலக சுகாதார சபை ஒரு நெறிமுறை கொண்டு வந்துச்சு. தாய்ப்பாலுக்குப் பதிலா விக்கிற சாமான்களைப் பத்தினது. பவுடர் பால், பாட்டில் பழக்கத்தைத் தூண்டுற எந்தப் பரிசையும் கம்பெனிக்காரங்க தாய்மாருக்குக் கொடுக்கக் கூடாதுன்னு அதுல தெளிவா இருக்கு. அது கம்பெனிகளுக்குத்தான், அண்ணன் தம்பிக்கு இல்ல. ஆனாலும் அந்த விதி ஏன் வந்துச்சுன்னு யோசிச்சா நமக்கும் அதுல ஒரு சேதி இருக்கு. பால் ஊறுமா ஊறாதான்னு அவளே பயந்துட்டு இருக்கிற வாரத்துல டின்னைக் கொண்டு போய் வச்சா, "உனக்குப் பத்தாது"ன்னு சொல்ற மாதிரி ஆயிரும். நாம அப்படி நினைச்சிருக்கவே மாட்டோம், ஆனா அவ காதுல அப்படித்தான் விழும்.

ஜூன் 6, இரவு 11.20

மேல எழுதினதைப் படிச்சுட்டு ஒரு அம்மா தனியா எழுதியிருந்தாங்க. அவங்க மருந்து சாப்பிடுறதால தாய்ப்பால் கொடுக்க முடியாதாம். "எனக்கு டின் வாங்கிட்டு வந்த என் அத்தை தப்புப் பண்ணிட்டாங்களா?"ன்னு கேட்டாங்க. இல்லம்மா. இல்லவே இல்ல. நான்தான் பாதியைச் சொல்லிட்டு மீதியை விட்டுட்டேன், மன்னிச்சுக்கோங்க. பவுடர் பால்னு அந்த வீட்ல முடிவாயிட்டா, அதே வகையா கேட்டுட்டு வாங்கிட்டுப் போறது பெரிய ஒத்தாசை. அதை விட ஒத்தாசை, ராத்திரி 9 மணிக்கு அந்த வீட்டு சிங்க்ல கிடக்கிற பாட்டிலையெல்லாம் கழுவிக் கொதிக்க வச்சு எடுத்து வைக்கிறது.

ஜூன் 7, காலை 10.05

நாளைக்குத் தம்பி கிளம்புறார். போறதுக்கு முன்னாடி இதைப் படிங்க.

இருமல், சளி, காய்ச்சல் லேசா இருந்தாலும் போகாதீங்க, தள்ளிப் போடுங்க. பெரியவங்களுக்கு வெறும் இருமலா வர்ற கக்குவான், பச்சைப் பிள்ளைக்கு உயிராபத்து. கன்னத்துல முத்தம் வேண்டாம். வாசல்லருந்து நேரா சோப்புத் தண்ணிக்குப் போங்க. 1847ல வியன்னாவுல இக்னாஸ் செமல்வைஸ்னு ஒரு டாக்டர், பிரசவ வார்டுக்கு வர்ற டாக்டருங்களும் மாணவர்களும் குளோரின் கலந்த தண்ணியில கை கழுவணும்னு கட்டாயப்படுத்தினார். பிரசவக் காய்ச்சல்ல கொத்துக் கொத்தாச் செத்துக்கிட்டு இருந்த தாய்மாரோட சாவு சட்டுனு இறங்குச்சு. கூட இருந்த டாக்டருங்களே பலர் அவரை நம்பல. அந்த வார்டுல பிழைச்ச ஒவ்வொருத்திக்கும் அந்தக் கைகழுவல்தான் பரிசு. உங்க தங்கச்சி கேட்காமலே நீங்க கழுவுங்க. "கை கழுவிட்டு எடுங்க"ன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்ல அவளுக்குக் கூச்சமா இருக்கும்.

அப்புறம், போனதும் "குழந்தையைக் கொடு"ன்னு கை நீட்டாதீங்க. அவளைப் பாருங்க. அவ சாப்பிட்டாளா, குளிச்சாளா, தூங்கினாளான்னு கேளுங்க. குளிக்கலைன்னா அப்பப் பிள்ளையை வாங்குங்க. குழந்தை ஒரு நாளைக்கு 14லருந்து 17 மணி நேரம் தூங்கும்னு சொல்வாங்க. உண்மைதான். ஆனா ரெண்டு மணி, மூணு மணின்னு துண்டு துண்டா. அந்தத் துண்டுகளுக்கு நடுவுலதான் அவ பல்லு விளக்கணும், சாப்பிடணும், மாத்திரை போடணும், வந்தவங்களுக்கு முகம் கொடுக்கணும். கதவைச் சாத்திக்கிட்டு, அழுகைச் சத்தத்துக்குக் காது கொடுக்காம, 20 நிமிஷம் குளிக்கிறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும்.

"எது வேணும்னாலும் கேளு"ன்னு சொல்லிட்டு வராதீங்க. என்ன கேட்கலாம், யாரைக் கேட்கலாம், தொந்தரவா நினைப்பாங்களோன்னு யோசிக்கிற வேலை அவ தலையில விழும். கேட்காம நீங்களே இறங்கிச் செஞ்சுருங்க.

ஜூன் 7, மாலை 5.30

கடைசி வரியைத் திருத்தணும். "கேட்காம செஞ்சுருங்க"ன்னு எழுதினதும் என் நாத்தனார் ஞாபகம் வந்துருச்சு.

அவளுக்குப் பிரசவம் ஆன மூணாவது வாரம் போயிருந்தேன். அவ தூங்கிட்டு இருந்தா. நல்லது செய்றோம்னு அவ அலமாரியைத் திறந்து எல்லாத்தையும் மடிச்சு அடுக்கினேன். கறை பட்ட உள்ளாடையெல்லாம் எடுத்து ஊற வச்சேன், நாப்கின் பாக்கெட்டை எல்லாம் ஒரு தட்டுல வரிசையா வச்சேன். முழிச்சுப் பார்த்தா, அழுதா. சந்தோஷத்துல அழலை. "என் உடம்புதான் எல்லாரும் பார்க்கிற பொருளாயிருச்சு, அலமாரியாவது என்னோடதா இருக்கக் கூடாதா அண்ணி?"ன்னு கேட்டா. பதில் சொல்ல எனக்கு வாய் வரல.

அவ சொன்னது நியாயம். பிரசவத்துல ஆரம்பிச்சு எத்தனை பேர் கை அவ மேல பட்டிருக்கும்.

அதனால இப்படி. சமையலறை, துணி காயப்போடுற கொடி, குப்பைக்கூடை, இதெல்லாம் தாராளமா. அலமாரி, கைப்பை, படுக்கை, இதைத் தொடறதுக்கு முன்னாடி கேட்கணும். ஆனா கேட்கிறதை முழுசாக் கேளுங்க: "செவ்வாய்க்கிழமை 11 மணிக்கு வர்றேன், துவைச்சுக் காயப்போட்டு மடிச்சு வச்சுட்டு ஒரு மணிக்குக் கிளம்பிருவேன், சரியா?" அவ "சரி" இல்ல "வேண்டாம்"னு ஒத்தை வார்த்தையில சொல்ற மாதிரி இருக்கணும்.

ஜூன் 9, காலை 7.15

தம்பி போயிட்டு வந்து எழுதியிருக்கார். பாட்டிலைக் கையில வாங்கினவ ஒண்ணும் பேசாம ஸ்ட்ராவுல பாதியைக் குடிச்சாளாம், அப்புறம் அழுதுட்டாளாம். "நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா அக்கா?"ன்னு கேட்கிறார்.

இல்ல தம்பி. முதல் வாரம், ரெண்டாவது வாரம் காரணமே இல்லாம அழுகை வரும். பிள்ளை பெத்தவங்கள்ல பாதிக்கு மேல அப்படி அழறவங்கதான். ஹார்மோன் ஒரேயடியா இறங்குது, தூக்கம் இல்ல, உடம்புல வலி. பொதுவா ரெண்டு வாரத்துக்குள்ள தானா தெளிஞ்சுரும்.

ஆனா அவளுக்கு நேத்தோட 13 நாள். அதனால கவனமா இருங்க. ரெண்டு வாரம் தாண்டியும் அழுகை நிக்கலைன்னா, எதுலயும் பிடிப்பு இல்லைன்னா, குழந்தை தூங்கிறப்பக் கூட அவளுக்குத் தூக்கம் வரலைன்னா, அது வேற. அது நோய், வைத்தியம் இருக்கு, நல்லாவும் ஆகும். பிள்ளை பெத்தவங்கள்ல சுமார் 13 சதவீதம் பேருக்கு மனநலக் கோளாறு வருது, அதுல பெரும்பாலும் மனச்சோர்வுதான்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 1987லருந்து எடின்பரோ அளவுகோல்னு ஒண்ணு புழக்கத்துல இருக்கு. பத்தே கேள்வி, கடந்த 7 நாளா எப்படி இருந்தீங்கன்னு. டாக்டர்கிட்ட கேட்டா அதை வச்சுப் பார்த்துச் சொல்வாங்க. தன்னையோ பிள்ளையையோ ஏதாவது பண்ணிக்குவோமோன்னு அவ வாயிலருந்து ஒரு வார்த்தை வந்தாலும் அன்னிக்கே கூட்டிட்டுப் போகணும், தனியா விடக் கூடாது.

எனக்கு ரெண்டாவது பிள்ளைக்கு அப்படி இருந்துச்சு. 5 மாசம் யார்கிட்டயும் சொல்லல. அதைப் பத்தி இங்க இவ்வளவுதான் எழுத முடியும்.

அடுத்த வாரம் இதே நாள் கூப்பிடுங்க. குழந்தையைப் பத்திக் கேட்கிறதுக்கு முன்னாடி "நீ தூங்கினியா?"ன்னு கேளுங்க.

ஜூன் 9, இரவு 9.05

"அழுததுல எனக்கும் பயமாயிருச்சு, உடம்புக்கு என்னென்ன பார்க்கணும்"னு கேட்டதால இது. ஒரு வெள்ளைத்தாள்ல பெரிய எழுத்துல எழுதி அவ வீட்டுக் கதவுல ஒட்டிட்டு வாங்க: ஒரு மணி நேரத்துக்குள்ள ஒரு நாப்கின் முழுசா நனைஞ்சா, தாங்க முடியாத தலைவலியோட கண்ணு மங்கினா, 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் அடிச்சா, ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சா, மூச்சு வாங்கினா, தையல் போட்ட இடத்துல சிவந்து நீர் கசிஞ்சா உடனே ஆஸ்பத்திரி. "பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்"னு சொல்லிச் சொல்லியே நாள் கடத்துறவங்க இருக்காங்க. தாள் சுவத்துல இருந்தா அவளுக்கு எடுத்துக் காட்டவாவது ஒண்ணு இருக்கும்.

ஜூன் 11, காலை 11.40

கூச்சப்படாம ஒரு விஷயம். ஆபரேஷன்னா உதிரப்போக்கு இருக்காதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. நானும் பெத்துக்கிறவரைக்கும் அப்படித்தான் நினைச்சேன். எப்படிப் பெத்தாலும் 4லருந்து 6 வாரம் இருக்கும். பெரிய சைஸ் நாப்கின் ரெண்டு மூணு பாக்கெட், கறுப்பு கலர்ல மெத்துனு பருத்தி உள்ளாடை அரை டஜன். ஆபரேஷன் ஆனவளுக்கு எலாஸ்டிக் தையல் மேல உரசாம, தொப்புளுக்கு மேல ஏறி நிக்கிறதா பார்த்து வாங்கணும். சுகப்பிரசவத்துல தையல் போட்டவளுக்கு, கழிவறையில வெதுவெதுன்னு தண்ணி பீச்சிக் கழுவிக்கிற பிளாஸ்டிக் குப்பி. எரிச்சல் அடங்கும்.

தம்பி, நீங்க கொடுக்கலாமான்னு கேட்டா, கொடுக்கலாம். கூச்சமா இருந்தா வீட்டுக்காரம்மா கையில கொடுத்தனுப்புங்க.

ஜூன் 11, மதியம் 12.10

சாப்பாடு கொண்டு போறவங்களுக்கு ரெண்டே வரி. பால் கொடுக்கிறவளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாத் தேவைப்படும், அதனால கொஞ்சமா கொண்டு போகாதீங்க. திருப்பித் தர வேண்டாத டப்பாவுல கொண்டு போங்க. என் அலமாரி மேல 9 பேர் டப்பா இருந்துச்சு, எது யாரோடதுன்னு ராத்திரியில யோசிச்சுட்டுக் கிடந்திருக்கேன்.

ஜூன் 14, மாலை 4.00

மூத்த பிள்ளை இருக்கிற வீட்டைப் பத்தி ஒருத்தரும் கேட்கலையே. எனக்கு இளையவ பிறந்தப்போ மூத்தவனுக்கு 3 வயசு. கீழ்வீட்டு அம்மா தினம் சாயங்காலம் வந்து அவனைக் கூட்டிட்டுப் போய் ஒரு மணி நேரம் விளையாட விட்டுட்டுக் கூட்டிட்டு வருவாங்க. கால்ல மண்ணோட ஓடி வந்து என் பக்கத்துல படுத்துக்குவான். நான் நிம்மதியா இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். வேற எதுவும் அவங்க கொண்டு வந்ததில்ல.

ஜூன் 22, இரவு 10.30

தம்பி நேத்துக் கூப்பிட்டிருக்கார். அழுகை குறைஞ்சிருக்காம், தூங்குறாளாம். மனசு லேசாச்சு.

இன்னொண்ணு இதுவரைக்கும் யாருமே பேசல. முதல் வாரம் வீடு கொள்ளாம ஆள் வருது. நாலாவது வாரம் ஒருத்தரும் இல்ல. வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருப்பார், உதவிக்கு வந்தவங்க ஊருக்குக் கிளம்பியிருப்பாங்க. 2022ல உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியில, பிரசவத்துக்கு அப்புறம் குறைஞ்சது நாலு தடவை தாயையும் பிள்ளையையும் பார்க்கணும்னு இருக்கு: முதல் 24 மணி நேரத்துல, 48லருந்து 72 மணிக்குள்ள, 7லருந்து 14 நாளுக்குள்ள, அப்புறம் ஆறாவது வாரம். அந்த ஆறாவது வாரம் ஆஸ்பத்திரிக்குத் தன்னைக் காட்டப் போறதையே விட்டுடுறவங்க எத்தனை பேர்! அன்னிக்கு நீங்க கூடப் போங்க. அவ உள்ள டாக்டர்கிட்ட பேசுற வரைக்கும் வெளியில குழந்தையை வச்சிருங்க.

மூணு நாலு மாசத்துல முடி கொத்தாக் கொட்டும். பயந்துருவா. வழக்கமா நடக்கிறதுதான், பெரும்பாலும் திரும்ப வளர்ந்துரும். அந்தச் சமயத்துல ஒரு தடவை போங்க.

ஜூலை 3, காலை 8.20

தம்பி எழுதியிருக்கார்: செவ்வாய்க்கிழமை தோறும் போயிட்டு இருக்காராம். 11 மணிக்குப் போய் ஒரு மணிக்குக் கிளம்புறார். கொடியில துணி மடிக்கிறார், குழந்தையைத் தோள்ல போட்டு ஏப்பம் விட வைக்கப் பழகிட்டார். பாட்டில் ஸ்ட்ராவுக்குள்ள வழவழன்னு ஏதோ படிஞ்சிருக்கு, புதுசு வாங்கணுமான்னு கேட்கிறார்.

புதுசு வேண்டாம். மெல்லிசா, நீளமா ஸ்ட்ராவுக்குள்ள விட்டுக் கழுவுற பிரஷ் கிடைக்கும், அதை ஒண்ணு வாங்குங்க. வாங்கி அங்கேயே சிங்க் பக்கத்துல தொங்க விடுங்க. செவ்வாய்க்கிழமை நீங்க கழுவுங்க, மத்த நாள் மாப்பிள்ளையைக் கழுவச் சொல்லுங்க.